ஏவுவோனும் இயற்றுவோனும்

உழைத்து உண்ண விரும்பும் ஒருவன், உழைப்பதற்குரிய தகுதியை முதலில் விலைகொடுத்து வாங்கவேண்டுமா? இவ்வினா எனக்கு நூல்களிலிருந்து பிறந்ததன்று. 2025 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒருநாள் மாலை, என் வீட்டு வாசலில் வந்து நின்ற பழைய மாணாக்கன் ஒருவனிடமிருந்து பிறந்தது.

அவன் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவன். க.பொ.த. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவன். அதன்பின் மின்வேலை செய்யும் ஒருவருக்கு உதவியாளாக நான்கு ஆண்டுகள் கொழும்பெங்கும் அலைந்தவன். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடிக் குடியிருப்பிலே மாத வேதனத்துக்குப் பராமரிப்பு வேலை கிடைத்துள்ளதென்ற செய்தியைச் சொல்ல வந்திருந்தான். ஆயின், வேலை கிடைத்தவனின் முகமாக அவன் முகம் இருக்கவில்லை.

“வேலை கிடைச்சிருச்சு சேர். ஆனா ஆயுதமெல்லாம் நாங்கதான் கொண்டு வரணுமாம். வெறுங்கையோட வந்தா எடுக்க மாட்டாங்களாம்” என்றான்.

நம் தச்சரும் கொத்தரும் மின்வேலையாளரும் கருவியை ஆயுதம் என்றே வழங்குவர். ஆண்டுக்கொருமுறை அவற்றைத் துடைத்துப் பொட்டிட்டுப் பூசையில் வைப்பதும் நாம் அறிந்ததே. அந்த ஆயுதம் யாருடைய பணத்தில் வாங்கப்பட்டது என்று அன்று எவரும் கேட்பதில்லை. அவன் என்னிடம் கேட்க வந்தது பணமன்று, ஆலோசனை. குறைந்த செலவில் ஒரு கருவிப் பையை எவ்வாறு சேர்ப்பது என்பதே அவன் கேள்வி. தமிழ் படித்த எனக்குத் திருப்புளியைப் பற்றி என்ன தெரியும்? எனினும், கணக்கெழுதிச் சிக்கனம் பார்க்கும் கலை ஆசிரியர்களுக்குக் கைவந்த கலையன்றோ? அவனோடு புறப்பட்டேன்.

கட்டடப் பொருள்களும் இரும்புச் சாமான்களும் விற்கும் கடைகள் நிரம்பிய பழைய சோனகத் தெருவில் இரண்டு சனிக்கிழமைகள் நடந்தோம். தொடர்மாடியொன்றைப் பராமரிப்பவன் ஒரு தொழில் மட்டும் தெரிந்தவனாய் இருத்தல் இயலாது. காலையில் ஒரு வீட்டில் தண்ணீர்க் குழாய் சொட்டும். நண்பகலில் இன்னொரு வீட்டில் மின்விளக்கு எரியாது. மாலையில் கதவுப் பூட்டு இறுகிக்கொள்ளும். ஆகவே குழாய் வேலைக்காரன், மின்வேலைக்காரன், தச்சன் ஆகிய மூவரின் பைகளும் அவனுடைய ஒரு பைக்குள் அடங்கவேண்டும். நாங்கள் எழுதிய பட்டியல் இது: தட்டை வாயும் நட்சத்திர வாயும் கொண்ட திருப்புளிகள், மின்வேலைக் குறடு, வாயை அகட்டவும் ஒடுக்கவும் கூடிய பத்து அங்குல ஸ்பேனர், குழாய் பிடிக்கும் குறடு, சுத்தியல், இரும்பு அறுக்கும் வாள், அரம், ஐந்து மீற்றர் அளவு நாடா, கத்தி, மின் சோதிக்கும் டெஸ்டர், பல்மானி, கைவிளக்கு, கழிவுக்குழாய் அடைப்பை உறிஞ்சி எடுக்கும் ரப்பர்க் கிண்ணம், இவற்றோடு வாஷர், குழாயின் புரியிற் சுற்றும் வெள்ளை நாடா, மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு நாடா முதலிய சில்லறைப் பொருள்கள்.

நல்லனவாகப் பார்த்து எல்லாவற்றையும் வாங்கின், அவனது ஒரு மாத வேதனத்தில் ஏறத்தாழ அரைப்பங்கு போய்விடும். இக்கருவிகளுட் பெரும்பாலானவை இறக்குமதியானவை. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டின் நடுப்பகுதிக்குள் 360 ரூபாவைத் தொட்டது. அன்று ஏறிய விலையைப் பற்றிக் கடைக்காரர்கள் இன்றும் பேசுகின்றனர். நாட்டின் ஆகக் குறைந்த மாத வேதனம் 2025 இல் 17,500 ரூபாவிலிருந்து 27,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது உண்மையே. ஆனால் வேதனம் மாத முடிவில் வருவது. கருவியோ முதல் நாளே வேண்டியது. இடைப்பட்ட முப்பது நாள்களுக்குக் கடன் என்று பெயர்.

ஆகவே சிக்கனம் செய்தோம். அதில் ஒரு நியாயமும் கண்டோம். சுத்தியலும் அரமும் ஸ்பேனரும் பழையனவாக இருப்பதாற் குற்றமில்லை. ஒருவர் கையில் இருபது ஆண்டுகள் உழைத்த சுத்தியல் இன்னொருவர் கையில் இன்னும் இருபது ஆண்டுகள் உழைக்கும். ரப்பர்க் கிண்ணம் எந்தக் கடையில் வாங்கினும் ஒன்றே. பைக்கென்று ஒரு சதமும் செலவழிக்கவில்லை. பாடசாலைக்கு அவன் தோளிற் சுமந்துவந்த பழைய பையின் அடியில் தடித்த துணி வைத்து அவனுடைய தாயார் தைத்துக் கொடுத்தார். இலக்கணமும் கணிதமும் சுமந்த பையில் இரும்பு ஏறிற்று.

ஆயின், மலிவு எல்லா இடத்தும் மலிவாக இருப்பதில்லை என்பதையும் அங்கே கண்டேன். மட்டமான திருப்புளியின் நுனி விரைவில் மழுங்கும். மழுங்கிய நுனி ஆணியின் தலையைச் சிதைக்கும். வாய் தளர்ந்த ஸ்பேனர் நட்டின் மூலைகளை உருட்டிவிடும். சிதைந்த ஆணியைப் பார்க்கும் வீட்டுக்காரர் “திருப்புளி மட்டம்” என்று சொல்லார். “வேலைக்காரனுக்குக் கைப்பழக்கம் போதாது” என்றே சொல்வார். கருவியின் வறுமை இவ்வாறு மனிதனின் திறமையின்மையாகத் தோற்றம் கொள்கிறது. வறியவர்களைப் பற்றி நாம் கூறும் குறைகளுட் பல இத்தகைய தோற்றப்பிழைகளோ என்ற ஐயம் அன்று எனக்கு எழுந்தது.

இனி, என் பிழையைச் சொல்லவேண்டும். மின்வேலைக் குறட்டில் இரு வகைகளைக் கடைக்காரர் எடுத்துவைத்தார். ஒன்றில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற அடையாளமும் இருந்தன. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் 60900 ஆம் இலக்க நியமத்துக்கமைய, 10,000 வோல்ட்டிற் சோதித்துப் பார்த்த காப்புடைய கருவிக்குரிய குறி அது. மற்றையது சாதாரண இரும்புக் குறடு. கைபிடியில் சிவப்பு ரப்பர் உறையொன்று மாட்டப்பட்டிருந்தது. பின்னையதன் விலை முன்னையதன் விலையில் மூன்றிலொரு பங்கே. “இதுவும் ரப்பர்தானே தம்பி, இப்போதைக்கு இது போதும்” என்று சொன்னவன் நான். அவன் தயங்கினான், ஆசிரியர் சொல்லைத் தட்டவில்லை. பல்மானியையும் அடுத்த மாதத்துக்கென ஒத்திவைத்தோம்.

ஏழாம் வாரம் அது நிகழ்ந்தது. நான்காம் மாடியில் ஒரு வீட்டில் கூரை விளக்கொன்றை மாற்றச் சொன்னார்கள். ஏணி இல்லை, உணவு மேசை நாற்காலியின்மேல் ஏறி நின்றான். சுவரிலுள்ள ஆளியை நிறுத்திவிட்டு டெஸ்டரால் தொட்டுப் பார்த்தான். அந்தச் சிறு விளக்கின் ஒளி நண்பகல் வெளிச்சத்தில் எளிதிற் புலப்படாது. புலப்படாமை மின்சாரம் இல்லாமைக்குச் சான்றாகாது என்பதைத் தேர்ந்த மின்வேலையாளர் யாவரும் அறிவர். ஆளியோ பிழையான கம்பியில் இணைக்கப்பட்டிருந்தது. குறட்டால் கம்பியைப் பற்றியபொழுது, வியர்வையில் வழுகியிருந்த ரப்பர் உறை விலகி உள்ளங்கை இரும்பிற் பட்டது. மறுகை கூரையின் உலோகச் சட்டத்தைப் பிடித்திருந்தது. 230 வோல்ட். அந்த வீட்டில் ட்ரிப் சுவிட்ச் செம்மையாக இருந்தமையால் மின்சாரம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அறுந்தது. அவன் கீழே விழுந்தான், இடது மணிக்கட்டு முறிந்தது, உயிர் தப்பியது.

மருத்துவமனையில் அவனைப் பார்த்தபொழுது எனக்குப் பேச்சு வரவில்லை. அவனோ என்னைத் தேற்றினான். அவ்வீட்டில் ட்ரிப் சுவிட்சைப் பொருத்தியவர் வீட்டு உடைமையாளர், தம் குடும்பத்தின் உயிரைக் காக்க அவர் பணம் செலவிட்டார், அது நியாயம். குறட்டை வாங்கியவன் வேலையாள். தன் உயிரைக் காக்கத் தன்னிடம் இருந்த பணத்தின் அளவுக்கே அவனாற் செலவிட முடிந்தது. காக்கப்படவேண்டிய உயிர்கள் இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. காப்பின் தரம் மட்டும் பணப்பையின் கனத்தைப் பொறுத்து வேறுபட்டது. இதனை எவ்வறத்தால் நியாயப்படுத்துவோம்?

இவ்விடத்தில் எழக்கூடிய மறுப்பொன்றை நேர்மையாக எதிர்கொள்ளுதல் வேண்டும். கருவி தொழிலாளியின் சொந்த உடைமையாக இருப்பதே அவனுக்குப் பெருமையும் பாதுகாப்பும் அல்லவா? பிறருடைய கருவியைப் பிடிப்பவன் பிறருடைய தயவில் வாழ்பவன். தன் கருவியைச் சுமப்பவன் பிடிக்காத இடத்தை விட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போகக்கூடியவன். பரம்பரைத் தச்சன் தன் உளியைப் பிறர் தொட விடுவதில்லை. அவன் கைக்கேற்பத் தேய்ந்த உளி அவன் கையின் ஒரு பகுதி. இவ்வாதத்தில் உண்மை உண்டு. அதனை எள்ளி ஒதுக்குதல் தகாது.

ஆனால் அந்தத் தச்சனின் நிலைமையை முழுமையாக நோக்குவோம். அவன் தன் வேலைக்குத் தானே விலை சொன்னான். உளியின் தேய்மானமும் அவ்விலையில் அடங்கியது. எந்த வேலையை ஏற்பது, எதனை மறுப்பது என்பதையும் அவனே தீர்மானித்தான். மாத வேதனக்காரனுக்கோ விலை சொல்லும் உரிமையும் இல்லை; நான்காம் மாடி விளக்கை இன்று மாற்றமாட்டேன் என்று சொல்லும் உரிமையும் இல்லை. தச்சனின் சுதந்திரத்தை அவனுக்குக் கொடாது, தச்சனின் செலவை மட்டும் அவன் தோளில் ஏற்றுவது எங்ஙனம் பெருமையாகும்?

அவன் பெற்றிருக்கும் உடைமையுரிமை எத்தகையது என்பதற்கு ஒரு செய்தி போதும். ஒவ்வொரு நாள் மாலையும் வாயிற் காவலர் அவனது பையைத் திறந்து பார்க்கிறார். காலையில் கொண்டுவந்த கருவிகளின் பட்டியலோடு மாலையிற் கொண்டுபோகும் கருவிகளை ஒப்பிடுகிறார். காவலர்மேற் குற்றமில்லை, அவரும் ஏவலுக்குக் கட்டுப்பட்டவர். ஆயினும், தன் வேதனத்தில் வாங்கிய கருவி தன்னுடையதே என்பதை ஒருவன் நாள்தோறும் மெய்ப்பிக்கவேண்டியுள்ளது. செலவு செய்யும்பொழுது கருவி அவனுடையது. வெளியேறும்பொழுது அது ஐயத்துக்குரியது!

கருவிக்கும் மனிதனுக்குமுள்ள தொடர்பு பழைய வினா. கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் அடிமையை உயிருள்ள கருவி என வகுத்தார். நெசவு நாடா தானே நெய்யுமாயின் எசமானனுக்கு அடிமை வேண்டியதில்லை என்றும் கருதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கார்ல் மார்க்ஸ், பேர்மிங்ஹம் நகரில் மட்டும் ஏறத்தாழ 500 வகைச் சுத்தியல்கள் செய்யப்படுவதை எடுத்துக்காட்டி, தொழில் பிரியப் பிரியக் கருவியும் பிரிவதை விளக்கினார். நம் வள்ளுவரோ, செயலொன்றைத் தொடங்குமுன் பொருள், கருவி, காலம், வினை, இடம் என்னும் ஐந்தையும் மயக்கமற எண்ணவேண்டும் என்றார். ஆனால் அங்கே வரும் ‘கருவி’ என்னும் சொல்லுக்குப் பரிமேலழகர் கண்ட பொருள் தானை, அதாவது படை. அரசனின் செயலைப் பற்றிய அதிகாரமாதலின் அவ்வுரை பொருத்தமே. எனினும், அரசனுடைய கருவியை விளக்கிய நூற்றாண்டுகளில் தச்சனுடைய கருவியை விளக்க ஓர் உரையாசிரியர் தோன்றவில்லை என்பது மனங்கொளத்தக்கது.

ஆனால் நம் இலக்கணத்தில் இதற்கு ஒளி உண்டு. ஒன்பதாம் வகுப்பிலே மூன்றாம் வேற்றுமையைக் கற்பிக்கிறேன். கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்பன அதன் பொருள்கள். ‘குறட்டால் முறுக்கினான்’ என்பதில் குறடு கருவி. ‘அவனால் முறுக்கப்பட்டது’ என்பதில் அவன் கருத்தா. ‘பையோடு வந்தான்’ என்பது உடனிகழ்ச்சி. குறட்டுக்கும் மனிதனுக்கும் ‘ஆல்’ என்னும் உருபு ஒன்றே. ஆயினும் ஒன்று கருவி, மற்றையது கருத்தா என்று நம் இலக்கணிகள் பிரித்தனர். உருபு ஒன்றாயினும் பொருள் வேறு. மனிதனைக் கருவியோடு சேர்த்தெண்ணிய அரிஸ்டோட்டிலின் வகுப்பை நம் இலக்கணம் ஏற்கவில்லை எனலாம்.

அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. கருத்தாவையும் இரண்டாக வகுத்தனர். ‘அரசனாற் கட்டப்பட்ட கோயில்’ என்னுமிடத்து அரசன் ஏவுதற் கருத்தா. ‘தச்சனாற் கட்டப்பட்ட கோயில்’ என்னுமிடத்துத் தச்சன் இயற்றுதற் கருத்தா. ஒரு செயலுக்கு இருவர் கருத்தாக்கள்: ஏவியவன், இயற்றியவன். கோயில் எழுந்ததும் கல்வெட்டில் ஏவியவன் பெயர் ஏறுகிறது. அதுபற்றி இங்கு வழக்கிடவில்லை. ஆயின், செயலின் பயனில் ஏவியவன் கருத்தாவாயின், செயலின் செலவிலும் ஆபத்திலும் அவன் கருத்தா அல்லனோ? விளக்கு எரிந்தால் “நாங்கள் விளக்கை மாற்றினோம்” என்கிற நிருவாகம், மணிக்கட்டு முறிந்தால் “அவன் விழுந்தான்” என்று வாக்கியத்தை மாற்றிக்கொள்வது இலக்கணப் பிழை மட்டுமன்று, அறப்பிழையுமாகும்.

உலகம் இதனை அறியாததன்று. சர்வதேச தொழில் தாபனம் 1981 இல் நிறைவேற்றிய 155 ஆம் இலக்கச் சமவாயத்தின் 21 ஆம் உறுப்புரை, தொழிற் பாதுகாப்புக்கான நடவடிக்கைகளால் தொழிலாளருக்கு எவ்விதச் செலவும் ஏற்படலாகாது என்கிறது. நம் நாட்டில் 1934 ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் நட்டஈட்டுக்கெனக் கட்டளைச் சட்டம் வந்தது. அஃது எலும்பு முறிந்தபின் பேசுவது. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் தொடர்மாடியின் உடைமையை வகுத்தது. தனி வீடு ஒருவருக்குரியது, பொதுக் கூறுகள் எல்லோருக்கும் பொதுவானவை என்னும் ஒழுங்கு அதன்வழி நிலைபெற்றது. கட்டடத்தின் குழாய் யாருடையது என்பதற்கு நாம் தெளிவான விடை வைத்திருக்கிறோம். அக்குழாயை முறுக்கும் சாவி யாருடையதாய் இருத்தல் வேண்டும் என்ற வினாவையோ வேலைக்கு வருபவனின் தலையில் விட்டுவிட்டோம்.

என் துணிபு இது. பராமரிப்பு வேலையாளின் கருவிகளை மூன்றாகப் பிரித்து நோக்குதல் வேண்டும். முதலாவது, உயிர் காக்கும் கருவிகள்: காப்பிட்ட குறடும் திருப்புளியும், நம்பத்தக்க பல்மானி, ஏணி, கையுறை. இவை யாவும் ஏவுவோரின் பொறுப்பு. இவற்றில் சிக்கனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டாவது, கட்டடத்தோடு ஒட்டியவை: துளைப்பொறி, பெரிய குழாய்ச் சாவி, அடைப்பெடுக்கும் நீண்ட கம்பி. இவை கட்டடத்திலேயே ஓர் அறையில் இருக்கவேண்டும். வேலையாள் மாறினும் அவை மாறா. மூன்றாவது, கைக்கு ஏற்பப் பழகுபவை: சுத்தியல், அரம், கத்தி, அளவு நாடா. இவை தொழிலாளியின் உடைமையாக இருக்கட்டும். தச்சனின் பெருமை அவனுக்கும் கிடைக்கட்டும். ஆனால் அவற்றின் தேய்மானத்துக்கென வேதனத்தோடு ஒரு சிறு தொகை சேர்த்துத் தருதல் நீதி. நாங்கள் சோனகத் தெருவிற் செய்த சிக்கனம் முழுவதும் இம்மூன்றாம் வகையோடு நின்றிருக்கவேண்டும். முதலாம் வகையில் அது புகுந்தமையே கேடு.

இதற்கு ஆகும் செலவு யாது? நூறு வீடுகள் உள்ள கட்டடமொன்றில் வீட்டுக்கு வீடு பகிர்ந்தால், ஒரு முறை தேநீர் அருந்தும் செலவளவே ஆகும். ஆகவே தடை பணமன்று, பழக்கம். உடைமையாளருட் சிலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கின்றனர். குடியிருப்போர் வாடகைக்கு வந்தவர்கள். நிருவாகம் ஒப்பந்தக்காரரைக் காட்டும். ஒப்பந்தக்காரர் போட்டி விலையைக் காட்டுவார். ஏவுவோர் பலராகப் பலராக ஏவியவர் எவருமில்லை என்றாகிவிடுகிறது. இயற்றுவோன் மட்டும் எப்பொழுதும் ஒருவனே. நாற்காலியின்மேல் நின்றவன் அவனே.

இதனை வாசிக்கும் நம்மிற் பலர் பெரிய உடைமையாளர் அல்லர். ஆயினும் நாமும் ஏவுவோரே. மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் ஏன் உயர்ந்தது என்று கேட்கிறோம். கேட்பது நம் உரிமை. அக்கட்டணம் உயராமல் இருப்பதற்காக எவனுடைய குறட்டின் தரம் தாழ்ந்தது என்றும் ஒருமுறை கேட்போமாக. நம் வீட்டுக்கு வரும் வேலையாளுக்குத் தேநீர் கொடுக்கிறோம். அது நல்ல பண்பு. அவன் ஏறி நிற்க நாற்காலியைத் தள்ளிக்கொடுக்கும்பொழுது, “ஏணி இல்லையா?” என்று கேட்டல் அதனினும் நல்ல பண்பு. நான் அக்கேள்வியைக் கேளாதவன். மூன்றிலொரு பங்கு விலையைக் கண்டு மயங்கியவன். ஏவுதற் கருத்தாக்களின் வரிசையில் என் பெயரையும் நானே எழுதிக்கொள்கிறேன்.

அவன் மணிக்கட்டு ஆறிவிட்டது; இரண்டு மாதங்களின்பின் அதே வேலைக்குத் திரும்பினான். இரட்டை முக்கோணக் குறியிட்ட குறட்டை நான் வாங்கிக் கொடுத்தேன். அதனை அறமென்று நான் எண்ணவில்லை. அது கடன் தீர்த்தல். அவனும் உடன் வேலை செய்யும் இருவரும் சேர்ந்து ஏணியும் பல்மானியும் வேண்டுமென நிருவாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினர். எழுத்துப் பிழை பார்த்துத் தரும்படி என்னிடம் கொண்டுவந்தான். பிழை அதிகம் இருக்கவில்லை. ஓரிடத்தில் மட்டும் ‘தயவுசெய்து தந்துதவுமாறு’ என்றிருந்தது. அத்தொடரை அடித்துவிட்டு, ‘தரவேண்டியது நிருவாகத்தின் பொறுப்பாகும்’ என்று எழுதலாமா என அவனைக் கேட்டேன். சிறிது நேரம் எண்ணியிருந்துவிட்டு, “அப்படியே போடுங்க சேர்” என்றான்.

ஏணி வந்துவிட்டது. பல்மானிக்கு இன்னும் விடை வரவில்லை. இரண்டாவது கடிதத்தை அவர்களே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.